அத்தியாயம் 6: முன்வாசலும் கொல்லைப்புறமும்

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் வீடு வாங்கிக் குடிபோன முதல் ஆண்டு. கராஜுக்குப் பக்கத்தில், வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்து ஒரு முருங்கைப் போத்தை ஊன்றினேன். டெக்சஸ் வெக்கை அதற்குப் பிறந்த வீடு போலிருந்தது. ஆகஸ்டில் மாடி ஜன்னலை எட்டிப் பார்த்தது. செப்டம்பரில் வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் முன்முற்றத்தில் அனுமதி பெறாத மரம் ஒன்று இருக்கிறது, முப்பது நாளுக்குள் அகற்றவும். கூடவே இரண்டு புகைப்படங்கள். போலீஸ் ஸ்டேஷனில் கைதியைப் படமெடுப்பதுபோல், முருங்கையை நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எடுத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடக் கடனில் வாங்கிய மண்ணில் ஒரு மரம் வைக்க எவனைக் கேட்க வேண்டும்? கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டை அன்று இரவு எடுத்துப் படித்தேன். கேட்க வேண்டும் என்று நானே ஒப்புக்கொண்டிருந்தேன். எழுபதாம் பக்கத்துக்கு மேல் எங்கோ இருந்தது.

திட்டமிட்ட குடியிருப்பில் வாழ்வதன் முதல் பாடம் இதுதான்: முன்வாசல் பாதிதான் உங்களுடையது, மீதி தெருவுக்குச் சொந்தம். கொல்லைப்புறம் உங்களுடையது, ஆனால் அங்கே உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அக்கம்பக்கம் என்ற ஒன்றை நாமாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஏரி, நீச்சல் குளம், நடைபாதை, பள்ளி எல்லாவற்றையும் வரைபடத்தில் போட்டுக் கட்டித் தருவார்கள். யார் யாருக்கு வணக்கம் சொல்வது என்பது மட்டும் அந்த வரைபடத்தில் இருக்காது.

இந்த ஊர் எப்படி இப்படி ஆனது

ஹூஸ்டன் நகரத்தில் நில வகைப்பாட்டுச் சட்டம் கிடையாது. அமெரிக்காவின் பெருநகரங்களில் இது அபூர்வம். வீட்டுக்குப் பக்கத்தில் கார் மெக்கானிக் ஷெட் வந்தால் தடுக்க நகராட்சி விதி இல்லை. அந்த இடத்தை நிரப்புவது பத்திரக் கட்டுப்பாடு. மனையை விற்கும்போதே பத்திரத்தோடு கட்டி அனுப்பும் நிபந்தனைகள் அவை. சுற்றியுள்ள புறநகர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே நிறுவனம் வாங்கி, மனை பிரித்து, சாலை போட்டு, விதிகளை எழுதி, பிறகு அந்த விதிகளைக் காவல் காக்க வீட்டுச் சொந்தக்காரர் சங்கம் ஒன்றை உண்டாக்கிவிட்டுப் போகும். அதுதான் எச்.ஓ.ஏ. சுகர் லேண்டில் 1970களில் தொடங்கிய ஃபர்ஸ்ட் காலனி இப்படி வந்தது. மிசூரி சிட்டிக்குத் தெற்கே சியன்னா வந்ததும் இதே வழியில்தான்.

1990 கணக்கெடுப்பில் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 2.25 லட்சம். 2020இல் 8.23 லட்சம். வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர் என்று நான்கு கூட்டமும் ஏறத்தாழ நால்பங்காக இருக்கும் கவுண்டி அமெரிக்காவில் அரிது. ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு இந்த வட்டாரத்தை ஆய்வு செய்த சமூகவியலாளர் ஸ்டீஃபன் கிளைன்பெர்க், அமெரிக்கா நாளை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இங்கே வாருங்கள் என்ற பொருளில் மேடைதோறும் சொல்லி வந்தவர்.

பத்திரக் கட்டுப்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு காலத்தில் இதே கருவியைக் கொண்டுதான், இன்ன இனத்தாருக்கு இந்த வீட்டை விற்கக்கூடாது என்று அமெரிக்கா முழுக்க எழுதி வைத்தார்கள். அப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையில் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1968இல் வந்தது. நாம் இங்கே வீடு வாங்க முடிந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம், அதற்காகத் தெருவில் இறங்கியவர்கள் கறுப்பின மக்கள்.

சுகர் லேண்ட் என்ற பெயரிலேயே கரும்பு இருக்கிறது. 2003இல் மூடப்பட்ட சர்க்கரை ஆலையின் செங்கல் கட்டடம் நெடுநாள் ஊரின் அடையாளமாக நின்றது. 2018இல் பள்ளிக் கட்டடம் ஒன்றுக்காக மண் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும், கைதிகள் என்ற பெயரில் கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட கறுப்பினத்தவர் அவர்கள். சியன்னா குடியிருப்பின் பெயருக்குப் பின்னால் நெடுங்காலம் ‘பிளான்டேஷன்’ என்ற வால் ஒட்டிக்கொண்டிருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். ஊர் வரலாறு தெரியாமல் ஊர்க்காரர் ஆக முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ‘பிளான்டேஷன்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஏன் ஒரு கணம் மௌனமாகிறார் என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

வாங்குவதற்கு முன்: ஏஜென்ட் சொல்லாதவை

நம்மவர்கள் வீட்டு ஏஜென்டிடம் முதலில் கேட்பது, “அங்கே நம்ம ஆட்கள் நிறைய இருக்கிறார்களா?” என்றுதான். ஏஜென்ட் சிரித்து மழுப்புவார். தெரியாமல் இல்லை, 1968 சட்டத்தின்படி, இன்ன இனத்தார் இருக்கும் பகுதி என்று சொல்லி வாடிக்கையாளரை ஒரு பக்கம் தள்ளிவிடக்கூடாது. அவரைச் சங்கடப்படுத்தாமல் நீங்களே போய்ப் பாருங்கள்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போங்கள். நீச்சல் குளத்தருகே, விளையாட்டுத் திடலில், நடைபாதையில் யார் இருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். பல நிறத்து மக்கள் ஒரே தெருவில் இருப்பது ஒன்று, ஒரே பெஞ்சில் உட்காருவது வேறு. வாரநாள் காலை ஏழரைக்கு இன்னொரு முறை போங்கள். பள்ளிக் கார் வரிசையும் வேலைக்குப் போகும் சாலையும் எப்படி நெரிகின்றன என்று அப்போது தெரியும். கனமழை பெய்த மறுநாள் ஒரு முறை. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை எந்தப் பிரசுரமும் காட்டாது.

பள்ளியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. ‘இந்த வீட்டுக்கு இந்தப் பள்ளி’ என்பது நிரந்தர வாக்குறுதி இல்லை. புதுக் குடியிருப்பு வளர வளரப் புதுப் பள்ளி திறப்பார்கள், எல்லைக் கோட்டைத் திருத்துவார்கள். அக்கா படித்த பள்ளியில் தம்பி படிக்காமல் போகலாம். பள்ளி மாவட்டத்தின் அடுத்த சில ஆண்டுத் திட்டத்தை வாங்கிப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

‘மட்’ என்றால் சேறு இல்லை

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. மகிழ்ச்சியடைய வேண்டாம், சொத்து வரியில் வாங்கிவிடுவார்கள். கவுண்டி, பள்ளி மாவட்டம் இவற்றோடு புதுக் குடியிருப்புகளில் எம்.யு.டி. என்ற குடிநீர், கழிவுநீர் மாவட்டத்தின் வரியும் சேரும். பேச்சில் ‘மட்’ என்பார்கள். குழாயும் வடிகாலும் போட்ட செலவைக் கடன் பத்திரம் விற்றுத் திரட்டி, அதை வீட்டுக்காரர்களிடம் ஆண்டாண்டாக வசூலிக்கும் ஏற்பாடு. வீடுகள் பெருகப் பெருக விகிதம் இறங்குவது வழக்கம். ஆற்றங்கரைப் பகுதியானால் கரை பராமரிப்பு மாவட்டத்துக்குத் தனி வரியும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேல் எச்.ஓ.ஏ. சந்தா.

புது வீடு வாங்குபவர்களை இரண்டாம் ஆண்டில் தூக்கிப் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. சொத்து வரி ஜனவரி 1 அன்றைய நிலவரத்தை வைத்துப் போடப்படும். அன்று உங்கள் மனையில் வெறும் மண்தான் இருந்தது என்று வையுங்கள். மதிப்பு 80,000 டாலர். 100 டாலருக்கு 2.80 டாலர் விகிதத்தில் ஆண்டு வரி 2,240. வங்கி உங்களிடம் மாதம் 187 டாலர் பிடித்து வைக்கும். அடுத்த ஜனவரியில் மண்ணின் மேல் 450,000 டாலர் வீடு நிற்கிறது. வரி 12,600. மாதத்துக்கு 1,050. போதாக்குறைக்கு, ஆண்டு முழுதும் குறைவாகப் பிடித்ததால் விழுந்த 10,360 டாலர் பள்ளத்தையும் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 863 டாலர் சேர்ப்பார்கள். 187 கட்டிக்கொண்டிருந்தவர் வரிக்கு மட்டும் 1,913 கட்ட வேண்டும். சலுகை எதையும் கழிக்காத கணக்கு இது. கழித்தாலும் அதிர்ச்சியின் வடிவம் இதுதான். எனவே முதல் மாதத்திலிருந்தே முழு வீட்டு மதிப்புக்கு வரியைக் கணக்கிட்டு, மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வங்கி கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம்.

குடியிருக்கும் வீட்டுக்கு ‘ஹோம்ஸ்டெட்’ சலுகை உண்டு. பள்ளி வரிக்கான மதிப்பில் 2023இல் 100,000 டாலர் கழிவு. 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு அது 140,000. விண்ணப்பம் இலவசம். வீடு வாங்கிய சில வாரங்களில் அரசாங்க முத்திரை போன்ற படத்தோடு, கட்டணம் அனுப்பினால் நாங்களே விண்ணப்பித்துத் தருகிறோம் என்று தபால் வரும். குப்பையில் போடுங்கள். சலுகை கிடைத்த மறு ஆண்டிலிருந்து வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மே 15க்குள், அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபிக்கலாம். அண்டை வீடுகள் விற்ற விலை, உங்கள் வீட்டுப் பழுதுகளின் படங்கள் போதும். வக்கீல் வேண்டியதில்லை.

எச்.ஓ.ஏ.வோடு குடித்தனம்

எச்.ஓ.ஏ. கடிதத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் இரண்டில் ஒன்று செய்வார்கள். பயந்துபோய் அன்றே மரத்தை வெட்டுவார்கள், அல்லது கடிதத்தை மேஜை இழுப்பில் போட்டு மறப்பார்கள். இரண்டும் வேண்டாம்.

வெளிப்புறத்தில் எதை மாற்றினாலும் முன்கூட்டி விண்ணப்பியுங்கள். வர்ணம், மரம், கூரை போட்ட திண்ணை, சோலார் தகடு, பின்கட்டில் சமையல் மேடை எல்லாம் இதில் அடங்கும். படம் வரைந்து, அளவு குறித்து, நிறத்தின் மாதிரி ஒட்டிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். அனுமதிக் கடிதத்தை வீட்டுப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது கேட்பார்கள்.

மீறல் கடிதம் வந்தால் தேதியைப் பாருங்கள். சரிசெய்யக்கூடிய தவறானால் டெக்சஸ் சட்டப்படி அபராதத்துக்கு முன் சரிசெய்ய அவகாசம் தர வேண்டும். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால், நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள் எழுத்து மூலம் விசாரணை கேட்கலாம். சந்தாவை மட்டும் பாக்கி வைக்காதீர்கள். வெறும் அபராதத்துக்காக வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது. சந்தா பாக்கிக்குக் கொண்டுபோக முடியும். சில நூறு டாலருக்காக அந்த நிலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

வாசலில் மாவிலைத் தோரணம் கட்டலாமா, பிள்ளையார் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முன்பு டெக்சஸ் சட்டம் நிலைக்கதவில் 25 சதுர அங்குல அளவுக்குத்தான் பாதுகாப்பு தந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். 2021இல் அதைத் திருத்தி, மத நம்பிக்கையின்படி வீட்டு எல்லைக்குள் வைக்கும் பொருள்களை எச்.ஓ.ஏ. பொதுவாகத் தடுக்க முடியாது என்று ஆக்கினார்கள். பாதுகாப்புக்குக் குந்தகம், பொது இடத்தில் வைப்பது, மனை எல்லையில் விடவேண்டிய இடைவெளியை மீறுவது போன்ற விலக்குகள் உண்டு. ஆகவே தோரணம் தாராளமாகக் கட்டலாம். கட்டிய இலை காய்ந்து சருகான பிறகும் பொங்கல் வரை தொங்கவிடுவதுதான் அக்கம்பக்கத்தை முகம் சுளிக்க வைக்கும். கோலம் உங்கள் டிரைவ்வேயில் போடுங்கள், நடைபாதையில் வேண்டாம். அரிசி மாவாக இருக்கட்டும். ஒரு மழையில் போய்விடும்.

அன்றாட மீறல்கள் சின்னச் சின்னவை. குப்பைத் தொட்டி தெருவிலிருந்து தெரியக்கூடாது. மே முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை புல் வெட்டாவிட்டால் கடிதம் நிச்சயம். வாசலில் செருப்புக் குவியல் வேண்டாம்; கராஜுக்குள் ஓர் அலமாரி போடுங்கள். கொலுவுக்கு முப்பது பேர் வந்தால் கார்களைத் தெருவின் ஒரே பக்கமாக நிறுத்தச் சொல்லுங்கள். தபால் பெட்டியை மறைக்கக்கூடாது. தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடி விட்டு நிறுத்த வேண்டும் என்பது எச்.ஓ.ஏ. விதி இல்லை, மாநிலச் சட்டம். தீபாவளிக்குப் போட்ட சர விளக்கை கிறிஸ்துமஸ் வரை விட்டுவைப்பது மட்டும் எல்லா இனத்தாரும் மனமுவந்து ஏற்ற ஏற்பாடு.

ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். பல குடியிருப்புகளில் கோரம் சேராமல் கூட்டமே ஒத்திவைக்கப்படுகிறது. ஆயிரம் வீடுகளின் பணத்தை எட்டுப் பேர் உட்கார்ந்து முடிவு செய்யும் அறையில், ஒன்பதாவது ஆள் சொல்வதற்கு எடை இருக்கும். ஆரம்பத்தில் மனை நிறுவனமே சங்கத்தை நடத்தும். வீடுகள் விற்றுத் தீரும் கட்டத்தில் பொறுப்பு குடியிருப்பவர்கள் கைக்கு வரும். அந்த மாற்றம் நடக்கும் ஆண்டில் குழுவில் நம்மவர் ஒருவராவது இருப்பது நல்லது. கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு ஒரு பிட்ச் வேண்டும் என்று கேட்க அப்போதுதான் வாய் கிடைக்கும்.

பக்கத்து வீடு

இங்கே ஒருவர் கராஜ் கதவைத் திறந்து காரை உள்ளே விட்டு, கதவை மூடிவிட்டால் அன்றைக்கு அவரை அப்புறம் பார்க்க முடியாது. நம் ஊரில் மாலையில் வாசல்படியில் உட்கார்ந்தாலே தெருச் செய்தி தானாக வந்து சேரும். இங்கே முயற்சி எடுக்க வேண்டும்.

குடிபோன முதல் பத்து நாளுக்குள் இரு பக்கமும் எதிரிலும் உள்ள வீடுகளின் கதவைத் தட்டுங்கள். ஒரு மாதம் கழித்துத் தட்டினால் ஏதோ புகார் சொல்ல வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். பலகாரம் கொண்டுபோனால், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். முந்திரியும் நிலக்கடலையும் ஒவ்வாத குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள். தட்டை முதல் முயற்சியிலேயே வென்றுவிடும். பாயசம் ஆளைப் பொறுத்தது.

அவர்கள் கொண்டுவரும்போது என்ன செய்வது? நீங்கள் சைவம் என்றால் முதல் சந்திப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வாங்கி வைத்துப் பிறகு கொட்டுவது தெரிந்துபோனால் மனம் புண்படும். பாகிஸ்தானியக் குடும்பம் ஹலால் பார்க்கும், மெக்சிகோக்காரர் வீட்டு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், நைஜீரியர் வீட்டு ஜொல்லாஃப் சோற்றில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்ந்திருக்கலாம். கேட்பதில் தவறில்லை. மூக்கைச் சுளிப்பதில்தான் தவறு.

நம் வீட்டுக்குள்ளே பேசும் பேச்சைப் பற்றியும் எழுதியாக வேண்டும். “வெள்ளைக்காரங்க இருந்தா வீட்டு விலை நிக்கும்” என்பது நம் விருந்துகளில் சாதாரணமாக அடிபடும் வாக்கியம். கறுப்பினத்தவரைக் குறிக்க நாம் குரல் தாழ்த்தும் விதத்தைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் நெருங்கிய தோழி மூன்றாவது வீட்டு நைஜீரியப் பெண்ணாக இருப்பாள். புதிதாக வந்த தமிழ்க் குடும்பத்திடம் “எந்த ஊர்?” என்று தொடங்கி “அங்கே என்ன ஆளுங்க?” என்று முடிப்பதும் இந்த வகைதான். கப்பலேறி வந்த பிறகும் அதைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

தெருவின் வாட்ஸப் குழுவில், கேமராவில் விழுந்த ஒரு இளைஞனின் படத்தைப் போட்டு “சந்தேகத்துக்குரிய ஆள்” என்று யாராவது எழுதுவார்கள். பெரும்பாலும் அது பார்சல் கொடுக்க வந்த பையன், அல்லது நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவரின் மகன். அவன் என்ன செய்தான் என்பதை எழுதுங்கள். எந்த நிறம் என்பதை வைத்துச் சந்தேகிக்காதீர்கள். இரவு நடை போகும் நம் மாமனார் படம் ஒருநாள் அங்கே வரும்போது இது புரியும். என் மாமனார் படம் வந்தது. “அவர் என் எதிர்வீட்டுப் பெரியவர், தினமும் நடப்பவர்” என்று நான் பார்ப்பதற்கு முன்பே பதில் போட்டவர் எதிர்வீட்டு ஆப்பிரிக்க அமெரிக்கர்.

விழா நாட்கள் நல்ல வாய்ப்பு. அடிமைகள் விடுதலையானார்கள் என்ற அறிவிப்பு டெக்சஸுக்கு வந்து சேர்ந்தது 1865 ஜூன் 19இல், நமக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கால்வெஸ்டனில். அந்த ஜூன்டீன்த் நாளுக்கு எதிர்வீட்டில் அழைத்தால் போங்கள். உங்கள் தீபாவளிக்கு அவர்களை அழையுங்கள். நம்மவர்கள் மட்டும் கூட வேறு இடங்கள் இருக்கவே இருக்கின்றன: பியர்லாந்தில் மீனாட்சி கோயில், சுகர் லேண்டில் அஷ்டலட்சுமி கோயில், தமிழ்ப் பள்ளிகள், பாரதி கலை மன்றம். அவை வேண்டும்தான். ஆனால் எல்லா வார இறுதியும் அங்கேயே கழிந்தால், இந்தத் தெருவில் நீங்கள் வாடகை கொடுக்காத விருந்தாளி.

தண்ணீரும் மின்சாரமும்

2017 ஹார்வி புயல் மழையில் ரிச்மண்டில் பிராசோஸ் ஆறு 55.19 அடியைத் தொட்டது; அதுவரை காணாத உயரம். ஆற்றங்கரைக்குப் பின்னால் இருந்த பல குடியிருப்புகளுக்குக் கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தது. 2021 பிப்ரவரியில் உறைபனியில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் குழாய்கள் வெடித்தன. 2024 ஜூலை 8 பெரில் புயலில் ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டன.

மூன்று முன்னேற்பாடுகள். ஒன்று, சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது. தனி வெள்ளக் காப்பீடு எடுங்கள். மத்திய அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 250,000 டாலர் வரை, பொருள்களுக்கு 100,000 டாலர் வரை. எடுத்து 30 நாள் கழித்துத்தான் பொதுவாக அமலுக்கு வரும், ஆகவே புயல் பெயர் டிவியில் வந்த பிறகு ஓடிப் பயனில்லை. இரண்டு, தெருவோரத்தில் இருக்கும் உங்கள் தண்ணீர் அடைப்பான் எங்கே, அதைத் திருப்பும் சாவி எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். மூன்று, பக்கத்து வீட்டுத் தொலைபேசி எண். உறைபனி வாரத்தில் எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு எரிந்தது, எதிர்வீட்டில் மின் அடுப்பு. நாங்கள் ரசம் வைத்துக் கொடுத்தோம், அவர் தன் குழாய்ச் சாவியால் தெருவில் ஆறு வீட்டுத் தண்ணீரை அடைத்தார்.

முதல் ஆண்டு நாட்காட்டி

ஜனவரி 31: சொத்து வரி கட்டக் கடைசி நாள். வங்கி கட்டினாலும் ரசீதைச் சரிபாருங்கள்.

ஏப்ரல் 30: ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.

மே 15: மதிப்பு ஆட்சேபம்.

ஜூன் 1: புயல் பருவம் தொடங்குகிறது; நவம்பர் 30 வரை. வெள்ளக் காப்பீடு மே முதல் தேதிக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

அக்டோபர் முதல் செவ்வாய்: டெக்சஸில் ‘நேஷனல் நைட் அவுட்’. தெருவை அடைத்து, மேஜை போட்டு, காவல் துறையினரும் அண்டை வீட்டாரும் கூடும் மாலை. ஆண்டில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் என்றால் இதற்குப் போங்கள்.

நவம்பர்: உள்ளூர்த் தேர்தல்கள். வாக்குரிமை பெற்றவர்கள் பள்ளிக் கடன் பத்திர வாக்கெடுப்பைத் தவறவிட வேண்டாம். அது அடுத்த ஆண்டு வரி ரசீதில் வரும்.

முருங்கைக்கு என்ன ஆயிற்று

கடிதம் வந்த அந்தச் செப்டம்பரில் முன்வாசல் மரத்தை வெட்டினேன். ஒரு போத்தைக் கொல்லைப்புறத்தில் ஊன்றினேன், இம்முறை விண்ணப்பம் போட்டு. 2021 உறைபனியில் அது தரையோடு கருகியது. செத்தது என்று விட்டுவிட்டோம். ஏப்ரலில் அடியிலிருந்து தளிர் விட்டது. 2024 பெரில் காற்றில் எங்களுக்கும் பின்வீட்டுக்கும் நடுவில் இருந்த ஆறடி மரவேலி சாய்ந்தது. வேலிக்காரர் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை இரண்டு கொல்லையும் ஒன்று.

இரண்டாம் நாள் மாலை, மின்சாரம் வராத புழுக்கத்தில் பின்வீட்டம்மா வெளியே வந்தார். பிலிப்பைன்ஸ்காரர், மருத்துவமனை நர்ஸ். ஐந்து வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தும் பெயர் தெரியாது. மரத்தைப் பார்த்து அப்படியே நின்றார். “மலுங்காய்!” என்றார். அவர் ஊரில் அதன் பெயர் அது. கோழிச் சாற்றில் கடைசியில் ஒரு கை இலையைப் போட்டு இறக்குவார்களாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைத்தான் கொடுப்பார்களாம். என் அம்மாவும் அதையே சொல்வாள் என்றேன். ஒரு முறம் நிறையக் கீரை உருவிக் கொடுத்தோம். மறுநாள் கலமான்சி எலுமிச்சை ஒரு பை வந்தது.

வேலி மறுபடி எழுந்தது. செலவு பாதி பாதி. அவர் பக்கத்திலும் இப்போது ஒரு மரம் நிற்கிறது, எங்கள் மரத்துப் போத்து. நீங்களும் வைப்பதானால் வேலியிலிருந்து நாலடி தள்ளி, ஏப்ரலில் நடுங்கள். விண்ணப்பத்தை மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள்.